புது வண்டி வந்தாச்சு... பாப்பாவுக்கு எந்த ஸீட்?

ஷோரூமிலிருந்து புது வண்டி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. மல்லிகைச் சரம் தொங்குகிறது. பானெட்டில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காய் சுற்றி உடைத்தாகிவிட்டது. "மொதல் ரவுண்டு கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்கிறார் தாத்தா. எல்லோரும் ஏறுகிறீர்கள். அப்பா ஸ்டியரிங்கில். தாத்தா, பாட்டி, அத்தை பின்னால். அம்மா முன் ஸீட்டில்.

பாப்பா?

வேறெங்கே? அம்மா மடியில்தான்! டாஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி, 'டுர்ர்ர்' என்று வண்டி ஓட்டிக் கொண்டிருக்கிறது. யாராவது ஒருவர் செல்போனில் அதைப் படம் வேறு எடுப்பார்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியில் பாதுகாப்பே இல்லாத ஓர் இடம் உண்டென்றால் அது இந்த மடிதான். சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சின்ன எஸ்யூவி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள். கணவன், மனைவி, ஒன்றோ இரண்டோ குழந்தைகள், கூடவே அப்பா அம்மா. ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளை நிற்க, நடுவில் ஒன்று உட்கார, பின்னால் மனைவி ஒரு பக்கமாகக் கால் போட்டுப் போன காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. மழைக்குப் பள்ளம் தெரியாத ரோட்டில் தரையிலிருந்து 19, 20 செ.மீ. உயரம் என்பது வரப்பிரசாதம். நாலு மீட்டருக்குள் நீளம் என்பதால் நம் தெருவிலும் திரும்பும், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலும் அடங்கும். அந்த நாலு மீட்டருக்குப் பின்னால் ஒரு வரிக் கணக்கும் இருக்கிறது. நீளம் நாலு மீட்டருக்கு மிகாமல், என்ஜின் பெட்ரோலுக்கு 1200 ஸி.ஸி., டீஸலுக்கு 1500 ஸி.ஸி.க்குள் இருந்தால் வரி குறைவு. 2006-ம் வருட பட்ஜெட்டில் ஆரம்பித்த சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், அதைத் தாண்டியவற்றுக்கு 40. சின்ன எஸ்யூவிகள் எல்லாமே ஏன் ஒரே அளவில் வெட்டி வைத்த மாதிரி இருக்கின்றன என்பது புரிகிறதா?

சரி, விஷயத்துக்கு வருவோம். உயரமாக உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் போகிற கார்கள் சின்னதாகத் தெரிகின்றன. 'நமக்கு ஒண்ணும் ஆகாதுப்பா' என்று மனசுக்குள் ஒரு தைரியம் வந்து உட்கார்ந்து விடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் பாப்பா மடிக்கு வருகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேனே. பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் போகிற வழி. ஞாயிற்றுக்கிழமை காலை. வேகம் முப்பதுகூட இருக்காது. குறுக்கே ஒரு மாடு. என் தங்கை கணவர் பிரேக்கை அழுத்தினார். மோதல் இல்லை, மாட்டுக்கும் ஒன்றுமில்லை, வண்டியில் ஒரு கீறல் இல்லை. தங்கை மடியில் இருந்த இரண்டு வயதுப் பையனுக்கு மட்டும் நெற்றியில் நாலு தையல்! "நான் கெட்டியாத்தான் புடிச்சிட்டிருந்தேன்கா... எப்படி நழுவினான்னே தெரியல" என்று அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நழுவாமல் இருக்க வழியே இல்லை. அது அவள் தப்பில்லை, கணக்கு அப்படி.

மூன்று மாடி உயரம்

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 14 மீட்டர். சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுகிற பொருள் தரையைத் தொடும்போது என்ன வேகமோ, அதே வேகம். வண்டி எதிலாவது மோதி நின்றால் வண்டிதான் நிற்கும். உள்ளே கட்டப்படாமல் இருக்கிற எல்லாமே அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் பாட்டில், குடை, பாட்டியின் கைப்பை, பாப்பா...

பத்து கிலோ குழந்தை. வண்டியின் மூக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் உங்கள் கை 150 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஆறு! அதையும் கண் இமைக்கிற நேரத்தில், தயாராக இல்லாத நிலையில். ஒலிம்பிக்கில் எடை தூக்குகிறவராலும் ஆகாது.

"நான் பெல்ட் போட்டிருக்கேனே, என் பெல்ட்டுக்குள்ளேயே பாப்பாவையும் சேர்த்துக் கட்டிடறேன்" என்று ஒரு யோசனை சொல்வார்கள். ஐயோ, அது இன்னும் மோசம். மோதும்போது உங்கள் எடை முழுக்கக் குழந்தையின் முதுகில் இறங்கும். முன்னால் பெல்ட், பின்னால் நீங்கள். நடுவில் அந்தச் சின்ன வயிறு.

முன் ஸீட் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றுப் பை. ஓட்டுபவருக்கு 2019 ஜூலையிலிருந்தும், பக்கத்து ஸீட்டுக்கு 2021-22 வாக்கிலும் ஏர்பேக் கட்டாயமானது. நல்லதுதான். ஆனால், அது பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவருக்காகச் செய்யப்பட்டது. ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள், மணிக்கு 200 கி.மீ.க்கு மேலான வேகத்தில் விரிந்து வெளியே பாய்கிறது. பெரியவர்களுக்கு அது மார்புயரத்தில் மெத்தை. டாஷ்போர்டில் முகம் வைத்திருக்கும் குழந்தைக்கு, அது கழுத்தில் விழும் அடி. பாப்பாவின் தனி ஸீட்டைக்கூட, முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி முன் ஸீட்டில் வைக்கக் கூடாது என்று ஏர்பேக் உள்ள வண்டிகளின் ஸன்வைஸரில் படம் போட்டே எச்சரித்திருப்பார்கள். ஒரு தடவை அதைக் கீழே இறக்கிப் பாருங்களேன்.

"ஆனா எங்க வண்டி ஃபைவ் ஸ்டாராச்சே!"

சந்தோஷம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், குளோபல் என்.கேப். சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரான கார் ஒன்றுக்கு அது முதல் ஐந்து நட்சத்திரம். பத்திரிகைகளில் எல்லாம் பெரிசாக வந்தது. ஆனால், அந்த ஐந்தும் பெரியவர்களுக்கு. அதே சோதனையில் குழந்தைகளுக்குக் கிடைத்தது மூன்று. இது அந்த வண்டியைக் குறை சொல்ல அல்ல. அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். பிறகு வந்த வண்டிகள் மேலே போயிருக்கின்றன. 2020-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 300-ம், 2021-ல் டாடா பஞ்சும் குழந்தைகளுக்கு நாலு வாங்கின. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கே பாரத் என்.கேப். சோதனை வந்துவிட்டது. அதிலும் பெரியவர்களுக்குத் தனி நட்சத்திரம், குழந்தைகளுக்குத் தனி. வாங்கப் போகும்போது இரண்டாவது எண்ணையும் கேளுங்கள். பல ஷோரூம்களில் முதல் எண்ணை மட்டும்தான் சத்தமாகச் சொல்வார்கள்!

இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தச் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் பதிலாகப் பொம்மைகளை வைக்கிறார்கள். எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? பின் ஸீட்டில், குழந்தை ஸீட்டில், வாரெல்லாம் போட்டு. மடியில் வைத்த பொம்மைக்கு உலகத்தில் எந்தச் சோதனையிலும் நட்சத்திரம் கிடையாது. மடியில் குழந்தை வைத்த நிமிடமே, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நட்சத்திரத்தில் அந்தக் குழந்தைக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

எந்த வயதுக்கு எந்த ஸீட்?

பிறந்த குழந்தையின் தலை, அதன் மொத்த நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு ஏழில், எட்டில் ஒரு பங்குதான். ஆக, பெரிய தலை, இன்னும் எலும்பு இறுகாத கழுத்து. முன்னால் பார்த்து உட்கார்ந்து மோதினால் உடம்பை வார் பிடித்து நிறுத்தும். தலை மட்டும் முன்னால் பாயும். கழுத்துத் தண்டு அந்த இழுப்பைத் தாங்காது. அதுவே பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தால்? முதுகு, தோள், தலை மூன்றும் ஸீட்டின் முதுகில் சேர்ந்தாற்போல் அழுந்தும். அடி ஓரிடத்தில் விழாமல் பரவிவிடும். அதனால்தான் பாப்பா முதலில் பின்னோக்கி உட்கார வேண்டும் என்கிறார்கள்.

எவ்வளவு நாள்? ஐரோப்பிய நாடுகளின் புது விதிப்படி குறைந்தது 15 மாதம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல், 'இரண்டு வயது வரை' என்று முன்பு சொன்னதையும் மாற்றி, 'அந்த ஸீட்டின் எடை, உயர வரம்பு முடிகிற வரை' என்று சொல்லிவிட்டது. "காலை நீட்ட இடம் இல்லையே, பாவம்" என்று பாட்டி சொல்வார். குழந்தைகள் சம்மணம் போட்டுக்கொள்வார்கள், காலை ஸீட் முதுகில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது கஷ்டமே இல்லை.

கடையில் கேட்கும்போது வயதைச் சொல்லாதீர்கள், எடையைச் சொல்லுங்கள். 13 கிலோ வரை பின்னோக்கிய ஸீட். 9-லிருந்து 18 கிலோ வரை, ஐந்து இடங்களில் பிடிக்கும் வார் உள்ள முன்னோக்கிய ஸீட். 15-லிருந்து 36 கிலோ வரை பூஸ்டர். இது குழந்தையை உயர்த்தி, வண்டியின் பெல்ட் சரியான இடத்தில் படும்படி செய்கிறது. இரண்டு வேலையையும் செய்யும் மாற்று ஸீட்டுகளும் கிடைக்கின்றன; ஒன்று வாங்கினால் நாலு வருஷம் ஓட்டலாம். ஆரஞ்சு நிற ஸ்டிக்கரோ, ஆர்44 அல்லது ஆர்129 என்ற முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்129 புதியது. வெறும் மெத்தையும் இரண்டு வாரும் வைத்து மலிவாக விற்கும் சமாச்சாரங்கள் பக்கம் போகாதீர்கள். உறவுக்காரர் தருகிற பழைய ஸீட் என்றால், விபத்தில் மாட்டாதது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

"அவ்வளவு காசு போட்டா?" என்று கேட்கலாம். அலாய் வீலுக்கும், ஸ்பீக்கருக்கும், கறுப்பு ஸீட் கவருக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பாருங்கள். (ஸீட் கவர் என்றதும் ஞாபகம் வருகிறது. சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் ஸீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கெட்டியாகத் தைத்த கவர் போட்டால் அது விரிய வழியில்லாமல் போகும். வண்டிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தையுங்கள். முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி 'புல் கார்ட்' வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலை உணர்ந்து ஏர்பேக்கை எழுப்ப வேண்டிய ஸென்ஸாரைக் குழப்புகிற வேலை அது.)

இப்போது நம் சின்ன எஸ்யூவிக்குள் இந்த ஸீட்டை எங்கே வைப்பது? இங்கேதான் வீட்டில் சண்டை வரும்.

பின் ஸீட்டின் இரண்டு ஓரங்களிலும், முதுகும் அமரும் இடமும் சேருகிற இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். இரும்பு வளையம் தட்டுப்பட்டால் அதுதான் ஐஸோஃபிக்ஸ். ஸீட்டை அதில் நேராகக் 'க்ளிக்' என்று மாட்டிவிடலாம். இல்லாவிட்டால் வண்டி பெல்ட்டாலேயே கட்டலாம். நடு ஸீட்டில் பெரும்பாலும் அந்த வளையம் இருக்காது. இடது ஓரம் நல்லது என்பது என் கட்சி. நம் ஊரில் இடப்பக்கம்தான் ஓரம் கட்டுகிறோம். பாப்பாவை நடைபாதைப் பக்கமாக நின்று இறக்கலாம். வலப்பக்கம் என்றால் பின்னால் பஸ் வருகிற ரோட்டில் நின்றுகொண்டு வாரை அவிழ்க்க வேண்டும்.

பின்னோக்கிய ஸீட் இடத்தை அடைக்கும். அதற்கு முன்னால் உள்ள ஸீட்டை முன்னே தள்ளினால்தான் நிற்கும். ஆறடி ஆள் அங்கே முட்டியை மடக்க முடியாது. உயரம் குறைந்தவர் அதில் உட்காரட்டும், அல்லது அம்மா பின்னால் பாப்பா பக்கத்தில் வந்துவிடட்டும். இரண்டு குழந்தை, இரண்டு ஸீட் என்றால் நடுவில் ஒருவர் ஒடுங்கித்தான் உட்கார வேண்டும். ஐந்து பேர் வண்டி என்று விளம்பரத்தில் சொன்னது இந்தக் கணக்கு இல்லாமல் சொன்னது! வாங்குவதற்கு முன்பே குழந்தை ஸீட்டை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய் மாட்டிப் பாருங்கள். தயக்கமே வேண்டாம். டிக்கியில் சூட்கேஸ் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்களே!

மாட்டியாயிற்றா? ஸீட்டின் அடிப்பாகத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. பாப்பாவின் தோளில் வார் போட்ட பிறகு அதை விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளி எடுக்கிற அளவு தொய்வு இருந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பின்னோக்கி என்றால் வார் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வெளிவர வேண்டும். முன்னோக்கி என்றால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. பச்சிளம் குழந்தைக்கு ஸீட் போதிய அளவு சாய்ந்திருக்க வேண்டும். தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும், 'தூங்கட்டும் பாவம்' என்று அந்த ஸீட்டிலேயே விடாமல் படுக்கையில் மாற்றுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தை ஸீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. பிடிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

பெரியவர்களும் தப்பிக்க முடியாது. பின் ஸீட்டில் பெல்ட் போடாத தாத்தா, மோதலின்போது முன் ஸீட்டில் இருப்பவர் மேல் வந்து விழுவார். பக்கத்தில் இருக்கும் பாப்பா மேலும் விழுவார். 2022 செப்டம்பர் 4-ம் தேதி டாடா ஸன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்த்ரி இறந்த விபத்து நினைவிருக்கிறதா? அவர் இருந்தது பெரிய, விலை உயர்ந்த எஸ்யூவி. பின் ஸீட்டில், பெல்ட் இல்லாமல். அதற்குப் பிறகும் பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்ற ஒரு க்ளிப் வாங்கிச் சொருகிக்கொண்டிருந்தோம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் க்ளிப்பை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது. என்ன சொல்ல!

உயரத்தின் மறுபக்கம்

உயரமான வண்டியிலிருந்து தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். காலடியில் இருப்பது தெரியாது. ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் ஒரு குடம். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 85 செ.மீ. வந்தால், அது இரண்டு வயதுக் குழந்தையின் உயரம். வண்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஓட்டுநர் ஸீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தெரிகிறதா? தெரிகிற வரை குடத்தைப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். பிறகு பானெட்டுக்கு முன்னாலும் இதையே செய்யுங்கள். எத்தனை அடி தள்ளி வைத்தால் குடம் கண்ணில் படுகிறது என்று அளந்து பார்த்தால் வயிறு கலங்கும்.

காலை எட்டரை மணி. அப்பா ஆபீஸ் கிளம்புகிறார். 'டாட்டா' காட்டுவதற்காகப் பிள்ளை ஓடி வருகிறது. ரிவர்ஸ் ஸென்ஸார் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம்தான், காமிராவும் இருக்கலாம். மழைச் சேறு ஒரு துளி காமிராவில் படிந்தால் தீர்ந்தது. எனவே வீட்டில் ஒரு பழக்கம்: பாப்பா யாராவது ஒருவர் இடுப்பில் ஏறிய பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். இடுப்பிலிருந்தே டாட்டா காட்டட்டும்.

அப்புறம் அந்த மேல் ஜன்னல்... ஸன்ரூஃப். சின்ன எஸ்யூவி விளம்பரங்களில் அதுதான் கதாநாயகன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள் தலையை வெளியே நீட்டிக் கையாட்டிக் கொண்டிருக்கும். சின்னதாக ஒரு பிரேக் போதும், வயிறும் நெஞ்சும் அந்த விளிம்பில் மோத. சென்னையில் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த சோகங்களை நாம் மறந்துவிடக் கூடாது. ஸன்ரூஃப் வெளிச்சத்துக்கு. பிள்ளைகளுக்கு அது பால்கனி இல்லை.

வெயிலில் நிற்கும் வண்டி

"அஞ்சு நிமிஷம்டா கண்ணா, அம்மா பால் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்." தூங்குகிற குழந்தையை எழுப்ப மனம் வராது. நியாயம்தான். ஆனால் 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஸெல்ஸியஸ் ஏறியது. அதில் 80 சதவிகிதம் முதல் அரை மணிக்குள்! ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிதாகப் பயனில்லை. அங்கே வெளி வெப்பமே 22-லிருந்து 36 டிகிரிக்குள்தான். நம் மே மாதத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு மூன்றிலிருந்து ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

மறதியும் வரும். ராத்திரி தூக்கமில்லாத அப்பாவுக்கு, வழக்கமாகக் குழந்தையை விடுகிற ஆள் அன்றைக்கு மாறியிருந்தால், பின்னால் சத்தமில்லாமல் தூங்குகிற குழந்தை மறந்தே போகலாம். பாசம் குறைவு என்று அர்த்தமில்லை, மூளை செய்கிற வேலை. அதனால் ஆபீஸ் பையையோ, செல்போனையோ பின் ஸீட்டில் பாப்பா பக்கத்தில் வைத்துவிடுங்கள். இறங்கும்போது எடுக்கத் திரும்பியே ஆக வேண்டும். விளையாடுகிற பிள்ளைகள் தாமாகவே நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஏறிக்கொண்டு, திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. வீட்டு வாசலிலேயே நின்றாலும் பூட்டுங்கள். சாவியைப் பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து அனலை வெளியேற்றிவிட்டு ஏ.ஸி. போடுங்கள். குழந்தை ஸீட்டின் இரும்பு பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். தொடையில் பட்டால் கொப்புளம்தான்.

இனி சில்லறை விஷயங்கள். வாந்தி: உயரமான வண்டி வளைவில் சற்று அதிகம் சாயும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலேயே சில குழந்தைகள் வாடிவிடும், கொல்லிமலையில் 70! காது 'ஆடுகிறோம்' என்கிறது, செல்போனைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்து மலையைக் காட்டுங்கள். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகம். புறப்படும் முன் பூரி கிழங்கு வேண்டாம், இட்லி இரண்டு போதும்.

பாட்டிக்கு முட்டி வலியா? பள்ளத்தில் உட்காருகிற காரைவிட இடுப்பு மட்டத்து ஸீட் அவருக்கு நல்லது. முதலில் முதுகைத் திருப்பி ஸீட்டில் உட்காரட்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். குட்டையான பாட்டி என்றால் பக்கவாட்டுப் படி ஒன்று மாட்டிவிடுங்கள். கர்ப்பிணியும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல்; மேல் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவில், வயிற்றின் பக்கவாட்டில். வயிற்றின் மேலே குறுக்காக ஒருபோதும் கூடாது. அவரே ஓட்டினால் ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் 25 செ.மீ.யாவது இடைவெளி.

கடைசியாக, எல்லா வீட்டிலும் வருகிற பிரச்னை. "ஸீட்ல வெச்சா கத்து கத்துன்னு கத்துது... ரெண்டு நாள் பார்த்தோம், முடியல, மறுபடி மடிக்கே வந்துட்டோம்." உண்மைதான், கத்தும். அதற்கு ஒரு வழி: ஸீட்டை முதலில் வண்டியில் மாட்டாதீர்கள். ஹாலில் வையுங்கள். பொம்மையை உட்கார வைத்து விளையாடட்டும், தானே ஏறட்டும், இறங்கட்டும். பிறகு வண்டியில் மாட்டித் தெரு முனை வரை ஒரு ரவுண்டு. அடுத்த நாள் கடைத்தெரு வரை. நடு வழியில் அழுதால் ஓரம் கட்டி, எடுத்துச் சமாதானப்படுத்தி, மறுபடி மாட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓடுகிற வண்டியில் ஒரே ஒரு தடவை வாரை அவிழ்த்தீர்களோ, தொலைந்தது. அழுதால் அவிழ்ப்பார்கள் என்று அது கற்றுக்கொண்டுவிடும். "பெத்த புள்ளையக் கட்டிப் போடறாங்களே" என்று சொல்லும் மாமியாரை, அரிசிச் சிப்பக் கணக்கைச் சொல்லிச் சமாளியுங்கள்.

வளர வளர ஸீட் மாறும். வண்டியின் சாதாரண பெல்ட் மட்டும் போதும் என்ற நிலை, குழந்தை சுமார் 145 செ.மீ. உயரம் வந்த பிறகுதான். அதற்கு முன்னால் பெல்ட் கழுத்தை உரசும், வயிற்றின் மேல் ஏறும். பிள்ளை எரிச்சலில் அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் அந்த உயரம் வரும். சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் 145-க்கு ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் பிள்ளையை அதில் நிறுத்தி அளந்து பார்க்கலாம்.